நேர்கோட்டார் நடைபாதை ஏறிய கதை

ஐம்பத்திரண்டு வயதில் ஒருவருக்கு மனைவிக்குத் தெரியாத ரகசியம் ஒன்று இருக்கிறதென்றால், கேட்பவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். சீட்டாட்டம், குடி, பழைய காதல் என்று ஏதாவது தேறும். நம் நேர்கோட்டாருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவருடைய ரகசியம் எண்ணூறு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், சதுரக் கல் பதித்தது. பாலத்தின் இறக்கத்தில் ஆரம்பித்துப் பெரிய சிக்னலில் முடிகிற நடைபாதை. அதன் மேல் அவர் தினமும் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் சைக்கிள் ஓட்டினார்.

இதற்குப் போய் ஒரு மனிதர் வெட்கப்படுவாரா என்று கேட்பவர்கள் அவருடைய வேலையையும் பெயரையும் கேட்டுவிட்டு அப்புறம் பேச வேண்டும்.

வேலை, பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, ரோஸ் நிற அக்ரிலிக்கில் ஈறு கட்டி, திருப்பி அனுப்ப வேண்டும். இருபத்தாறு வருடமாக இந்த ஊரின் பாதி சிரிப்பு அவர் கையில்தான் தயாராகிறது. ஆனால் சிரிக்கிறவர் யாரையும் அவருக்குத் தெரியாது. பட்டறையில் இருப்பவர்களுக்கு மனிதர்கள் என்றால் தாடைதான், முகம் டாக்டரோடு நின்றுவிடும். பல் அடுக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு முடியளவு கோணல் இருந்தாலும் பிடுங்கி மறுபடி வைப்பார். அதனால் பட்டறையில் அவருக்கு நேர்கோடு என்று பெயர். இளையவர்கள் மரியாதைக்கு ஒரு 'ஆர்' சேர்த்தார்கள்.

பெயர் வாயோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. மனிதர் அதை உலகம் முழுவதற்கும் விரித்துக்கொண்டார். வரிசையில் நடுவில் புகுந்தவரைப் பின்னால் அனுப்புவார். பஸ்ஸில் பையை சீட்டில் வைத்தவரிடம் பைக்கு டிக்கெட் எடுத்தாயா என்று கேட்பார். போன வருடம் ஒரு படி மேலே போய்ச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். நடைபாதையில் சைக்கிள் ஓட்டும் பெரியவர்கள் மூன்று வகை: சோம்பேறிகள், திமிர் பிடித்தவர்கள், கோழைகள். மூன்று பேரையும் பிடித்து, அங்கேயே டயரில் காற்றைப் பிடுங்கிவிட வேண்டும். கடிதம் மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி வந்தது. முதலாளி அதைக் கத்தரித்து, பிளாஸ்டர் கரைக்கும் தொட்டிக்கு நேர் மேலே சுவரில் ஒட்டினார். கை கழுவப் போகிறவர்கள் எல்லாரும் படித்தார்கள். நேர்கோட்டார் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவினார்.

லாரி வந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் கேவலம். ஒரு எலும்பாவது முறிந்திருந்தால் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொள்ளலாம். பாலத்து இறக்கத்தில் பின்னாலிருந்து வந்த லாரி, ஹாரன்கூட அடிக்காமல், அவருடைய வலது முழங்கையை ஒரு துணி உரசுகிற மாதிரி உரசிவிட்டுப் போனது. சட்டையில் கறுப்பாக ஒரு கோடு. சைக்கிள் விழவில்லை, அவரும் விழவில்லை. ஆனால் அன்று பட்டறையில் செதுக்கு கத்தியை எடுத்தபோது கை தந்தி அடித்தது. ஒரு வாரம் அடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. உரசல் என்று ஆரம்பித்தால் "அடிபட்டுதா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்புறம் என்ன?" என்பார்கள். அந்த 'அப்புறம் என்ன'வுக்கு அவரிடம் பதில் இல்லை.

எட்டாவது நாள், இறக்கம் வந்ததும், சைக்கிள் தானாக நடைபாதையில் ஏறியது. அப்படித்தான் அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஏறியது சைக்கிள்தான்.

இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவரும் ஒரே ஒரு நாள் தள்ளிப் பார்த்தார். பெரியவர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் உலகத்துக்கே திடீரென்று இரக்கம் சுரந்துவிடுகிறது. பேப்பர் விற்பவர் கேட்டார்: "என்ன சார், பங்சரா?" செருப்புத் தைப்பவர் கேட்டார்: "பங்சரா சார்?" எதிரே வந்த, முன்பின் தெரியாத ஒருவர் நின்று குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்து, "காத்து இருக்கே?" என்றார். காற்று இருக்கிற சைக்கிளை ஒருவர் ஏன் தள்ளுகிறார்? இந்தக் கேள்வியின் நிழலில் நிற்பதைவிட ஓட்டிவிடுவது மேல் என்று அவர் முடிவு செய்தார். ஓட்டுகிறவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கோபமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். கோபம் பொறுக்கலாம்.

நான்கு மாதம் பொறுத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முன்னால் ஒரு அம்மா நடந்துகொண்டிருந்தார். விளையாட்டு ஷூ, நேரான முதுகு, வலது கையில் மடித்த கைக்குட்டை. நேர்கோட்டார் மணியை அடித்தார், மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. மணி என்பது எவ்வளவு மெதுவாக அடித்தாலும் முதுகுக்குப் பின்னால் மணிதான். அந்த அம்மா திடுக்கிட்டு வலப்பக்கம் ஒதுங்கினார். இவரும் வலப்பக்கம் ஒடித்தார். ஹேண்டில்பார் முழங்கையில் பட்டது. கைக்குட்டை விழுந்தது. முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரமும் ஏறியது.

கருக்.

இருபத்தாறு வருடமாக அக்ரிலிக்கோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியாமல் போகுமா? காது உடனே சொல்லிவிட்டது. மூக்குக் கண்ணாடியாக இருக்கும் என்று மனது காதை அதட்டியது. பின்னால் அந்த அம்மா, "நில்லுய்யா! யோவ், நில்லு!" என்று கத்தினார். ஒரு மைதானத்தின் மறுகோடிவரை கேட்கும் குரல், ஆனால் முன்பக்கம் காற்றுப் போகிற குரல்.

நேர்கோட்டார் நிற்கவில்லை. மிதித்தார். அந்த வேகத்தை அவர் ரோட்டில் காட்டியிருந்தால் எந்த லாரியும் அவரை முந்தியிருக்காது.

மத்தியானம் டாக்டரிடமிருந்து பொட்டலம் வந்தது. மெருகு மெஷினில் உட்காருபவர், பட்டறையில் அவருக்கு மெருகு என்றே பெயர், பிரித்துச் சீட்டைச் சத்தமாகப் படித்தார்.

"மேல்தாடை, முன்பல் நாலு. பெண், ஐம்பத்தேழு, விளையாட்டு ஆசிரியை. வறுத்த பட்டாணி கடித்ததில் உடைந்தது. ரொம்ப அவசரம்." நிமிர்ந்தார். "பட்டாணியா? இது என்னண்ணே, பாறாங்கல்லுல வெளைஞ்ச பட்டாணியா? மூணு துண்டாகி வந்திருக்கு."

"குடு இப்படி."

"அடியில பாருங்க, வரி வரியா இருக்கு. பட்டாணிக்கு இப்பல்லாம் டயர் வருதா?"

"குடுய்யா."

நேர்கோட்டார் வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ரோஸ் நிறத்தில் பொடிப்பொடியாக அம்பு அம்பாகப் பதிந்த தடம். அவர் சைக்கிளின் முன்டயரில் அந்த அம்புகள் இருந்தன. கடைக்காரர், "நல்லா பிடிக்கும் சார்" என்று சொல்லி மாட்டியது. சொன்ன சொல் தவறவில்லை, பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

இதோடு விட்டிருந்தால் அவர் செத்துப் பிழைத்திருப்பார். மூன்று துண்டையும் சேர்த்துப் பார்க்கையில் பெருவிரலில் சுருக்கென்று குத்தியது. உள்பக்கம், இடது ஓரத்தில், ரம்பம் மாதிரி ஒரு விளிம்பு. வழித்து வழவழப்பாக்காமல் விட்ட விளிம்பு. எந்த மடையன் செய்த வேலை என்று வாய்வரை வந்தது. அலமாரிக்குப் போய், பழைய பிளாஸ்டர் அச்சுகளில் அதே தாடையைத் தேடி எடுத்துக் கவிழ்த்தார். அடியில் அவருடைய கையெழுத்தில் தேதி. லாரி உரசியதற்கு மறுநாள்.

நினைவு வந்தது. அன்று கத்தியைப் பிடிக்க முடியாமல், "போதும், மெருகு போட்டுடு" என்று தள்ளிவிட்ட செட். இவரே பார்த்துவிட்டதாக நினைத்து மெருகுக்காரர் வெளிப்பக்கத்தைப் பளபளப்பாக்கி அனுப்பியிருந்தார்.

அப்படியென்றால் அந்த அம்மா ஏன் பல்லை வாயில் வைக்காமல் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு நடந்தார் என்பதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மாதமாகக் குத்தியிருக்கிறது. தெருவில் இறங்கியதும் கழற்றிவிடுவார் போலிருக்கிறது. லாரி இவரை உரசியது, இவர் அந்த ஈறை உரசினார், அது போதாதென்று சக்கரத்தையும் ஏற்றினார். ஒரே வாய்க்கு ஒரே ஆள் இரண்டு தடவை கெடுதல் செய்வதென்றால் அதற்கும் ஒரு நேர்கோடு வேண்டும்.

கை கழுவப் போனார். எதிரே கட்டம் கட்டிய கடிதம். கழுவாமலே திரும்பினார்.

"முதலாளி, அந்தப் பேப்பர் பழசாயிடுச்சு. எடுத்துடலாமே."

முதலாளி ஆச்சரியப்பட்டார். "ஏன்யா? நல்லாத்தானே எழுதியிருக்க. கோழைன்னு ஒரு வார்த்தை போட்ட பாரு, படிக்கிறப்பல்லாம் சிரிப்பு வரும். இருக்கட்டும்."

இருந்தது.

சாயங்காலம் வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தார். கை பிசைந்துகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை. மனைவி துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். பேன்ட்டின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவாள். அவளிடம் நேராகச் சொல்ல நா எழவில்லை. வேறு யாருக்கோ நடந்த மாதிரி ஆரம்பித்தார்.

"இன்னைக்கு ஒரு கூத்து. எவனோ ஒருத்தன் ப்ளாட்பாரத்துல சைக்கிள் ஓட்டிட்டுப் போயி, ஒரு டீச்சரம்மாவோட பல்செட்டை உடைச்சிட்டானாம். நிக்காம வேற போயிட்டானாம்."

அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அந்தாளு பச்சை ஹெல்மெட் போட்டிருந்தானா?"

வாசல் ஆணியில் பச்சை ஹெல்மெட் தொங்கியது.

"உனக்கு எப்படி..."

"நாலு மாசமா பாக்கறேன். என் பஸ்ஸும் அந்த ரோட்டுலதானே போகுது. பாலம் இறங்கினதும் நீங்க மேல ஏறுவீங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். பக்கத்துல கடைப் பொண்ணுங்க இருக்கும், பாத்துடக் கூடாதுன்னு."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்." துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள். "என்ன ஆச்சு, எதாவது இடிச்சிதா அன்னைக்கு? சட்டைக் கையில கறுப்பா ஒரு கறை, மூணு தடவை சோப்பு போட்டேன், போகல."

அவர் தட்டில் இருந்த சோற்றைக் கோணலில்லாமல் நேராக ஒதுக்கி வைத்தார்.

"சரி, அந்தாளு இப்ப என்ன பண்ணப் போறானாம்?"

"தெரியல."

"கேட்டுச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி சாப்பிடச் சொல்லுங்க அவன. ஆறிப் போகுது."

மறுநாள் பஸ்ஸில் பட்டறைக்குப் போனார். மனைவியோடு ஒரே பஸ்ஸில் போகக் கூச்சப்பட்டு, அதற்கு முந்தைய பஸ்ஸில். உடைந்ததை ஒட்டவில்லை. பழைய அச்சின் மேல் புதிதாக மெழுகு வைத்து, நான்கு பல்லையும் மறுபடி அடுக்கி, மெழுகு இருந்த இடத்தில் அக்ரிலிக்கைத் திணித்து வெந்நீரில் வேகவைத்து எடுத்து, விளிம்பைத் தன் நாக்கின் நுனியால் தொட்டுப் பார்த்துவிடலாமா என்கிற அளவுக்கு வழித்தார். மெருகுக்காரரிடம் தரவில்லை, தானே போட்டார். மூன்று மணிக்கு ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"டெலிவரிக்கு ஆள் வருவானே, நீங்க எங்க கெளம்பிட்டீங்க?"

"அளவு பாக்கணும்."

"வாயைப் பாக்கப் போறீங்களா? நீங்களா?" மெருகுக்காரர் மெஷினையே நிறுத்திவிட்டார். பட்டறையின் சரித்திரத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

டாக்டரின் அறையில், சாய்ந்த நாற்காலியில், வாயைக் கையால் பொத்திக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். நேர்கோட்டார் அந்தத் தாடையை நான்கு மாதமாக அறிவார். அதன் மேல் இவ்வளவு களைத்த கண்கள் இருக்கும் என்று பிளாஸ்டர் சொல்லவில்லை.

டாக்டர் சிரித்துக்கொண்டே, "இவர்தாம்மா செஞ்சவர். வாங்க, வாங்க. இந்தத் தடவை பட்டாணி தாங்குமா?" என்றார்.

"அது பட்டாணி இல்ல சார்."

"அப்புறம்?"

"நான்தான்."

டாக்டருக்குப் புரியவில்லை. "நீங்க பட்டாணியா?"

நேர்கோட்டார் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்த சதுரக் கற்களைப் பார்த்துப் பேசினார். "நேத்துக் காலையில பாலத்துக்கிட்ட, ப்ளாட்பாரத்துல, சைக்கிள்ல வந்தது நான்தாம்மா. நிக்காமப் போனதும் நான்தான். அது குத்துச்சுன்னா அதுவும் நான்தான். விளிம்ப சரியா எடுக்கல."

டீச்சர் வாயிலிருந்து கையை எடுத்தார், பல் இல்லாதது நினைவுவந்து மறுபடி பொத்திக்கொண்டார்.

"குத்துச்சா?" என்றார் டாக்டர். "நீங்க சொல்லவே இல்லையேம்மா."

"சொன்னேனே. பழகிடும்னீங்க." கைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நடக்கும்போதும் கழட்டாதீங்கன்னு வேற சொன்னீங்க. கழட்டிக் கையில வச்சிருந்தேன்னு சொன்னா திட்டுவீங்கன்னுதான் பட்டாணின்னு சொல்லிட்டேன். முப்பது வருஷமா பொய் சொல்ற பிள்ளைங்களைக் கிரவுண்டு சுத்த விட்டிருக்கேன்."

அந்தச் சின்ன அறையில் வெட்கப்படாமல் இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

பல்லை மாட்டினார்கள். டீச்சர் நாக்கால் இடது ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் விசிலை எடுத்து, கடித்துப் பிடித்து, ஒரு ஊது ஊதினார். வெளியே காத்திருந்த இரண்டு நோயாளிகள் எழுந்து நின்றார்கள்.

"குத்தல," என்றார். பிறகு, பல் வந்துவிட்ட தெம்பில், நேர்கோட்டார் பக்கம் திரும்பினார். "ஏன் சார், ரோடுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"லாரியெல்லாம் வருதும்மா."

"வரட்டுமே, ரோட்டுலதானே வருது."

"பிரேக்கு கொஞ்சம் சரியில்ல. எறக்கம் வேற..."

"சார்."

மைதானத்துக் குரல் அது. நேர்கோட்டார் நிறுத்தினார்.

"ரோட்டுல போனா உங்களுக்குப் பயம். நீங்க மேல வந்தா எனக்குப் பயம். நேத்துலேருந்து பின்னால எலை விழுந்தாக்கூடத் திரும்பிப் பாக்கறேன். உங்க பயத்தைத் தூக்கி என் முதுகுல வச்சிட்டு நீங்க பாட்டுக்கு மணியடிச்சிட்டுப் போறீங்க. நல்லாவா இருக்கு?"

அவர் தலை இன்னும் ஒரு சாண் இறங்கியது.

"அந்த இடம் மட்டும் இறங்கித் தள்ள வேண்டியதுதானே?"

"தள்ளினா..." சொல்லவே நாக்கு கூசியது. "பங்சரான்னு கேப்பாங்கம்மா."

டீச்சர் அவரையே பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"கேட்டா?"

நேர்கோட்டார் காலி டப்பாவை மூடி எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பாலத்து இறக்கத்தில் நேர்கோட்டார் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றாமல், தலையைக் குனிந்துகொண்டு, நடைபாதையின் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளினார்.

"என்ன சார், பங்சரா?" என்றார் பேப்பர் விற்பவர்.

"ஆமாங்க."

வெள்ளிக்கிழமை: "இன்னைக்குமா?"

"ஆமாங்க."

சனிக்கிழமை பேப்பர்காரருக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார் டியூப் போட்டிருக்கீங்க? தினம் தினம் தள்றீங்க, பாக்கவே பாவமா இருக்கு. நான் ஒரு ஏற்பாடு பண்றேன்."

நல்ல மனிதர்கள் செய்கிற ஏற்பாட்டுக்கு எல்லையே கிடையாது. திங்கட்கிழமை காலை, பேப்பர் கடை பக்கத்தில், கையில் பம்பும், ஒரு டப்பா தண்ணீரும், ரப்பர்ப் பசையுமாகப் பங்சர் ஒட்டுபவர் தயாராக உட்கார்ந்திருந்தார். செருப்புத் தைப்பவரும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"வாங்க சார், சாய்ச்சுப் போடுங்க. அஞ்சு நிமிஷம்."

"இல்லங்க, பரவால்ல, வேலைக்கு நேரமாச்சு..."

"அட, சும்மா குடுங்க சார்." பங்சர்காரர் சைக்கிளை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். முன்டயரை அமுக்கினார். பின்டயரை அமுக்கினார். நம்பாமல் முன்டயரின் டியூபை வெளியே இழுத்து, தண்ணீரில் முக்கி, அங்குலம் அங்குலமாகச் சுற்றினார். ஒரு குமிழிகூட வரவில்லை. மூன்று பேரும் தண்ணீரையே பார்த்தார்கள். நேர்கோட்டாரும் பார்த்தார். ஒரே ஒரு குமிழி வந்தால் போதும், ஆயுசுக்கும் நன்றியோடு இருப்பேன் என்று தண்ணீரை மன்றாடினார்.

எதிர்ப்பக்கமிருந்து விளையாட்டு ஷூ சத்தம். டீச்சர் நேரான முதுகோடு நடந்து வந்தார். பக்கத்தில் வந்ததும் நடை தளர்ந்தது. நிற்கவில்லை. ஆனால் காது இந்தப் பக்கம் இருந்தது.

"சார், பங்சரே இல்லையே," என்றார் பங்சர்காரர். "அப்புறம் ஏன் தள்றீங்க?"

நேர்கோட்டாரின் காது மடல் இரண்டும் கொதித்தன. கை சட்டைக் கையிலிருந்த பழைய கறையைத் தேடியது.

"பயங்க," என்றார். "லாரிக்குப் பயம்."

பேப்பர்காரர் பேப்பரை அடுக்க ஆரம்பித்தார். செருப்புத் தைப்பவருக்குத் திடீரென்று வேலை ஞாபகம் வந்தது. பங்சர்காரர் மட்டும் டியூபைத் திணித்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இந்த எறக்கத்துல நானும் தள்ளிட்டுத்தான் சார் போவேன். யாராவது கேட்டா பங்சர்னு சொல்லிடுவேன். என்னைய யாரு சந்தேகப்படப் போறா?"

நேர்கோட்டார் சைக்கிளை நிமிர்த்தினார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கியதாகத் தெரியவில்லை. எல்லாரும் பார்க்கிற இடமாகப் பார்த்து, முதுகிலிருந்து தலைக்கு மாறியதுதான் மிச்சம். பட்டறையில் அந்தக் கடிதம் இன்னும் தொட்டிக்கு மேலே இருக்கிறது. அதில் மூன்றாவது வகையைப் படிக்கும்போது அவர் சோப்பைத் தேடுகிறார்.

அவர் நான்கு அடி தள்ளியிருப்பார், பாலத்திலிருந்து மனைவியின் பஸ் இறங்கி வந்தது. ஜன்னலோரம் அவள் இருப்பாள், பக்கத்தில் கடைப் பெண்கள் இருப்பார்கள். அவள் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளா இல்லையா என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இருந்திருந்தால் அவர் ரோட்டிலேயே போயிருப்பார்.